சோத்தாங்கை பக்கம் வலை

என் வீட்டுக்காரருக்கு நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. கண் டாக்டர் இதை ரொம்ப வருத்தத்தோடு சொன்னார். "கல்யாணமாகிப் பதினாறு வருஷமா நான் இதைத்தானே டாக்டர் சொல்லிட்டிருக்கேன்" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரரும் சிரிக்கவில்லை. அழுகை வருகிற இடத்தில் எனக்கு இப்படி ஏதாவது வாயில் வந்து தொலையும். அன்றைக்கும் அதுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடையாறில் ஓர் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் அதற்கும் கொஞ்சம் தள்ளி, அப்போதுதான் மனை பிரித்து வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த பெசன்ட் நகரில் ஒரு சின்னப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவர் சைக்கிளில் போவார், நான் பஸ்ஸில் போவேன். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் மற்றவர்கள் பேசி முடித்துவிட்டார்கள்.

இருபது வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் சைக்கிள் விட்டவர், ஒரே மாதத்தில் ஓர் ஆட்டின் மேல் ஏற்றினார், ஒரு கைவண்டியில் இடித்தார், கடைசியில் மந்தைவெளித் திருப்பத்தில் பஸ் உரசி, ஹேண்டில் பார் கோணிக்கொண்டு, முழங்கைத் தோல் உரிந்து வீட்டுக்கு வந்தார். "பஸ் வந்ததே தெரியலம்மா" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அதனால்தான் எனக்குப் பயம் வந்து, இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரப் பார்வை போய்விட்டது, போனது போனதுதான், சொட்டு மருந்து விட்டால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். கரும்பலகை தெரியும், நோட்டுப் புத்தகம் தெரியும், என் மூஞ்சியும் தெரியும். வண்டிகள் ஓடுகிற ரோட்டில் மட்டும் சைக்கிள் விடவே கூடாது.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, இது பள்ளிக்கூடத்துக்குத் தெரியக் கூடாது. "கண்ணு தெரியாத வாத்தியார்னு பேரு வந்துடுச்சுன்னா பசங்க முன்னாடி நிக்க முடியாது. கிளாஸை வாங்கிட்டு லைப்ரரியில உக்கார வெச்சிடுவாங்க." இரண்டு, யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற நிலைமைக்கு அவர் ஆளாக மாட்டார். தானே போவார், தானே வருவார். அது முடியாத அன்றைக்கு வேலையை விட்டுவிடுவார். கணக்குச் சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டு இந்த மனுஷர் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். கோடை விடுமுறையிலேயே ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

பஸ்ஸில் ஒரு வாரம் போய்ப் பார்த்தார். படிக்கட்டில் தொங்குகிறவர்கள் அவர் கண்ணுக்கு இல்லை, பக்கத்துக் கம்பியும் இல்லை. வெள்ளிக்கிழமை இறங்கும்போது தரை இருக்கிற இடம் தப்பி விழுந்தார். மறுபடியும் மறுபடியும் "ஒண்ணுமில்ல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாசலில் நின்று மீன் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மீன்காரம்மாவிடமே கொட்டிவிட்டேன். கண் விஷயம் சொல்லவில்லை. ரோட்டில் போக அவருக்குப் பயமாக இருக்கிறது, பஸ்ஸும் ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அந்த அம்மா ஊரூர் குப்பத்திலிருந்து தினமும் காலையில் கூடையைச் சுமந்து எங்கள் சந்துக்கு வருகிறவள். வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

"இன்னா டீச்சரம்மா, ரோட்டாண்ட இன்னாத்துக்குப் போவணும்? நான் எப்டி வர்றேன்னு நெனச்சிகினு கீறே? முகத்துவாரத்துப் பாலத்து மேல நடந்துகினு வர்றேன். ஒரு பஸ்ஸு கெடையாது, லாரி கெடையாது. காக்கா கூட சைடு வுட்டுத்தான் பறக்கும். அப்டியே மண்ணாண்ட வந்தா எங்க குப்பம், அத்தத் தாண்டுனா உங்க ஸ்கூலு. சார சைக்கிள இஸ்துகினு வரச் சொல்லு."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் நடந்தே போய்ப் பார்த்தோம். பட்டினப்பாக்கம் தாண்டி, சீனிவாசபுரத்தின் கடைசி வீட்டோடு ரோடு தீர்ந்துவிடும். அப்புறம் மண். அடையாறு கடலில் சேருகிற இடத்தில், குப்பத்து ஜனங்கள் போய்வரக் கட்டின பாலம் ஒன்று நின்றது. இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். ஒரு பக்கம் அலை, மறு பக்கம் அசையாத தண்ணீரும் சேற்றுத் திட்டும், திட்டு முழுக்க நாரையும் உள்ளான் குருவிகளும். பாலத்தை இறங்கினால் ஒரு பெரிய தோட்டத்து மதில். மதிலுக்கும் கடலுக்கும் நடுவில் மீன்காரப் பெண்கள் நடந்து நடந்து இறுகிப்போன ஒரு பாதை. இரண்டு பக்கமும் அடப்பங்கொடி ஊதாப் பூவோடு மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாதை நேரே குப்பத்துக்குள் நுழைந்து, கரையேற்றிய வள்ளங்களுக்கும் குடிசைகளுக்கும் இடையில் வெளியேறி, பெசன்ட் நகரின் ஆளில்லாத புது ரோடுகளில் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து உள் தெருக்கள் வழியாகவே அவர் பள்ளிக்கும் போய்விடலாம்.

அவர் பாலத்தின் நடுவில் நின்று நேரே பார்த்தார். அவருக்குத் தெரிந்த அந்தக் கொஞ்ச இடத்தில் பாதை மட்டும் இருந்தது, வேறு எதுவும் குறுக்கே வரவில்லை. "இதுல விடலாம்" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் முகம் பழையபடி இருந்தது.

"விடலாம். ஆனா தனியா விடமாட்டேன். நான் முன்னாடி போவேன்."

"நீ எதுல போவே?"

"சைக்கிள்லதான்."

முப்பத்தெட்டு வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டேன். மடத்து சிஸ்டர்கள் ஓட்டாமல் போட்டு வைத்திருந்த ஒரு லேடீஸ் சைக்கிளைக் கொடுத்தார்கள். பக்கம் தெரியாத மனுஷர் சீட்டைப் பிடித்துக்கொள்ள, பேலன்ஸ் தெரியாத நான் ஏறி மிதிக்க, பட்டினப்பாக்கத்து ஈர மணலில் அந்தக் கூத்து மூன்று வாரம் நடந்தது. "நேரா பாரு, நேரா பாரு" என்று கத்துவார். "உங்களை மாதிரியா?" என்று கேட்டுக்கொண்டே விழுவேன். பூசைக்கு வரும் அம்மாக்கள் சிலர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். மூடட்டும். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான்காவது வாரம் சைக்கிளை விட்டு இறங்காமல் பாலத்தைக் கடந்தேன்.

அன்று மாலை அவர் ஒரு சபதம் செய்தார். நான் வேடிக்கைக்கு, "ஒரு நாள் உங்களைக் கேரியர்ல ஏத்திட்டுப் போறேன் பாருங்க" என்று சொல்லப்போக, மனுஷருக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது.

"ஒண்ணு சொல்லிடறேன். பொண்டாட்டி கேரியர்ல உக்காந்து நான் ஸ்கூலுக்குப் போற நாள் வந்தா, அன்னைக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துடுவேன்."

"சரிதான், சும்மா சொன்னேன்" என்றேன். சும்மாதான் சொன்னேன்.

அப்படித் தொடங்கியது எங்கள் பயணம். காலை ஏழேமுக்காலுக்குச் சந்திலிருந்து வெளியே வருவோம். பாலம் வரை தெரிந்த தெருக்கள். அந்த நேரத்தில் அங்கே நாயும் கோழியும்தான் போக்குவரத்து. பாலத்தில் ஏறினதும் கடல் காற்று இடது பக்கமாக வந்து தள்ளும். நான் முன்னால், அவர் பத்தடி பின்னால். நான் பேசிக்கொண்டே போவேன். எனக்குப் பேசச் சொல்லியா தர வேண்டும்? நேற்று வகுப்பில் நடந்தது, புளி தீர்ந்தது, பக்கத்து வீட்டு அம்மா சொன்ன வம்பு, நடுநடுவே "கல் இருக்கு, இந்தப் பக்கம் வாங்க", "வளைவு", "எதிரே கூடைக்காரம்மா". என் குரல் போகிற வழியில் அவர் சைக்கிள் வரும். கோடையில் முகத்துவாரம் மண் மூடித் தண்ணீர் குளம் மாதிரி நிற்கும். மழைக்காலத்தில் கலங்கல் தண்ணீர் கடலுக்குள் வெகுதூரம் ஓடும். சில காலையில் சேற்றுத் திட்டில் பூநாரைகள் நிற்கும். "என்ன நிறம்?" என்று கேட்பார். நேரே திரும்பிப் பார்த்தால் அவருக்கே தெரியும். இருந்தாலும் கேட்பார். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நேரம் எது என்று யாராவது கேட்டால் அந்த அரைமணி நேரத்தைத்தான் சொல்வேன்.

ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியது. பிறகு என் வாய்தான் கெடுத்தது. பேசிக் கெடுக்கவில்லை, பேசாமல் கெடுத்தது.

அன்று காலை அவர் சொட்டு மருந்து விடாமல் கிளம்பினார். கேட்டதற்கு, மருந்து விட்டால் ஒரு மணி நேரம் எல்லாம் மங்கலாகிறது, முதல் பீரியடில் கரும்பலகை தெரிவதில்லை, சாயந்தரம் விட்டுக்கொள்கிறேன் என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். ஷூ லேஸைக் கட்டக் குனிந்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், எல்லாருக்கும் தெரியும். இனி உங்களோடு பேசினால் ஏனென்று கேளுங்கள் என்று சைக்கிளை எடுத்தேன். பாலம் வரை பேசவில்லை. மதில் ஓரம் பேசவில்லை. குப்பத்துக்குள் நுழைந்தபோதும் பேசவில்லை. பின்னால் அவர் சைக்கிளின் சங்கிலிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது போதும் என்று வீம்பாகப் போனேன்.

குப்பத்தில் பாதைக்கு வலது பக்கமாக ஒரு புது வலையை விரித்துக் காயப் போட்டிருந்தார்கள். வலை என்றால் அங்கே சாதாரணப் பொருள் இல்லை. செருப்புக் காலோடு யாரும் வலைமேல் மிதிக்கமாட்டார்கள், குழந்தைகள் கூடத் தாண்டாமல் சுற்றித்தான் போகும். எனக்கு அது தெரியும். நான் இடது பக்கம் ஒதுங்கிப் போய்விட்டேன். சொல்லவில்லை.

பின்னால் ஒரு கூச்சல். திரும்பினால், அவர் சைக்கிள் வலையின் நடுவில் நிற்கிறது. பெடலில் வலை சுற்றி, கையகலத்துக்குக் கிழிந்திருக்கிறது. ஷூ போட்ட கால் வலைமேலேயே ஊன்றியிருக்கிறது. வலைக்காரர் ஓடி வந்தார். பின்னாலேயே பத்துப் பேர்.

"இன்னா சார், கண்ணு தெர்ல? வலை மேல வண்டிய ஏத்திகினு வர்ற! சோறு போட்ற வலை சார் அது! ஷூ காலோட மிதிச்சிகினு நிக்கிற!"

ஒரு வார்த்தை, மன்னிச்சுக்கோங்க என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் "கண்ணு தெர்ல?" என்ற வார்த்தை அவரை எங்கேயோ குத்திவிட்டது. நாற்பது பையன்களை அதட்டுகிற குரலில், "பாதையில வலையை விரிச்சா என்ன பண்றது?" என்றார்.

"பாதையா? இது எங்க மண்ணு சார்! நாளைக்கி இந்தப் பக்கம் சைக்கிள் வந்துச்சி, டயரு இருக்காது, சொல்லிட்டேன்."

இவர் நிமிர்ந்து நின்றார். அந்த ஆள் எதிரே நின்றதால் தெரிந்தார். பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்த மற்றவர்கள் தெரியவேயில்லை. அவர்களுக்கு நடுவில், யாருமே இல்லாத மாதிரி, அவர் தனியாக நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"அவருக்குப் பக்கத்துல இருக்கிறது தெரியாதுங்க! மாதா மேல ஆணை! கண்ணு போயிடுச்சு, நேரா இருக்கிறது மட்டும்தான் தெரியும். நான்தான் சொல்லிக்கிட்டே வருவேன். இன்னைக்குச் சண்டை போட்டுட்டுச் சொல்லாம வந்துட்டேன். தப்பு என்னுது. திட்டணும்னா என்னைத் திட்டுங்க!"

கூச்சல் நின்றுவிட்டது. வலைக்காரர் குனிந்து, பெடலில் சுற்றிய வலையை நிதானமாக எடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஷூக் காலை ஜாக்கிரதையாகத் தூக்கி மண்ணில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே போனார். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அவருக்கு ஊரில் இருந்த ஒரே ரகசியத்தை நான் ஒரு குப்பத்தின் நடுவில் நின்று கத்தியிருந்தேன். அதற்கு அந்த நான்கு நாள் குறைச்சல்தான்.

அந்த நான்கு நாளும் குப்பத்தைச் சுற்றி, மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனோம். மூச்சு வாங்கும், பள்ளிக்கு மணி அடித்த பிறகு போய்ச் சேருவோம். ஐந்தாம் நாள் தள்ள முடியாமல் பாதையிலேயே போக, வள்ளத்தடியில் மீன் பிரித்துக்கொண்டிருந்த எங்கள் மீன்காரம்மா எழுந்து நின்று, குப்பம் அதிரக் கத்தினாள்.

"சார்ர்ரு! சோத்தாங்கை பக்கம் வலை கீது!"

எனக்கு உடனே புரிந்தது. சோறு தின்னும் கை வலது கை. வலது பக்கம் வலை இருக்கிறது என்று சொல்கிறாள். அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். கேலி செய்கிறார்கள் என்று முகம் கறுத்துப்போனது. அன்று மாலை வீட்டில், நான்கு நாளைக்குப் பிறகு முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"நாளையிலேர்ந்து நான் மெயின் ரோட்டுல போறேன். குருடன்னு ஊரே கூவி விளையாடறதை என்னால கேக்க முடியாது."

"விளையாடல. வழி சொல்றாங்க."

"எனக்குத் தெரியும் எது என்னன்னு."

காலையில் நிஜமாகவே சைக்கிளை எதிர்ப்பக்கம் திருப்பினார். நான் என் சைக்கிளை எடுத்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

"போங்க. தாராளமாப் போங்க. நானும் முன்னாடி வரேன். நான் மணல்ல கத்துக்கிட்டவ. ரோட்டுல ஒரு நாள் கூட விட்டதில்ல, பஸ்ஸைப் பார்த்தாலே ஹேண்டிலை விட்டுடுவேன். முதல் பஸ் என்னைத்தான் அடிக்கும். நேரா தெரியும்ல உங்களுக்கு, நல்லாப் பாத்துக்கோங்க!"

சந்தில் இரண்டு ஜன்னல் திறந்தது. அவர் சைக்கிளைக் கடல் பக்கம் திருப்பினார்.

அன்று குப்பத்து முனையில் இறங்கி, ஷூவைக் கழற்றி ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு, வலைக்காரர் எங்கே என்று என்னிடம் கேட்டார். வலைக்காரர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். இவர் எதிரே போய் நின்றார்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றார்.

வலைக்காரர் தலையைத் தூக்கவில்லை. "வுடு சார். கண்ணு தெர்லன்னா வாயத் தொறக்கணும். நாங்கல்லாம் இன்னாத்துக்குக் கீறோம்?"

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு அது குப்பத்தின் வழக்கமாகிவிட்டது. எங்கள் சைக்கிள் மணி கேட்டதும் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார். வலை பின்னுகிறவர் பின்னிக்கொண்டே, கருவாடு திருப்புகிறவள் திருப்பிக்கொண்டே. "சோத்தாங்கை பக்கம் வலை சார்!" "பீச்சாங்கை பக்கம் நாயி படுத்துகினு கீது!" "நில்லு நைனா, கட்டுமரம் எறக்கறாங்க... ஆங், இப்ப போ!" முதலில் அவர் காதில் விழாத மாதிரி போனார். பிறகு தலையாட்டினார். மழைக்காலம் வருவதற்குள், "சரிம்மா", "வந்துட்டேன்பா" என்று பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வகுப்பில் ஒரு நாள் சமன்பாடு போடும்போது, "இந்த எக்ஸை சோத்தாங்கை பக்கம் தள்ளு" என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். பையன்கள் பெஞ்சில் உருண்டு சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

எனக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்திருந்தபோது, தனியாகவே போய்வந்தார். முதல் நாள் அவர் திரும்பி வரும் வரை ஜெபமாலையைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. மறுநாள் காலை மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்காமலே உள்ளே எட்டிப் பார்த்தாள். "பயப்படாதமே. உன் ஊட்டுக்காரரு கரீட்டா போறாரு. நீ கூட கீறத வுட இதே தேவலாம், சொம்மா தொணதொணன்னு பேசிகினு வருவே." எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பெருமை.

இப்படி நாலைந்து வருஷம் ஓடியது. சொட்டு மருந்தை இப்போது ஒழுங்காக விட்டுக்கொண்டாலும் அவர் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஆனாலும் பாலத்தின் மேல் காற்று எங்கே அதிகம் தள்ளும், மதில் ஓரம் எத்தனை மிதியில் வளைவு வரும் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒரு மழைக்காலத்தில் ஆறு வெள்ளமாக வந்து முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு ஓடியது. இரண்டு நாள் பள்ளிக்கூடம் இல்லை. மூன்றாம் நாள் போனபோது பாலத்தின் இந்த முனையில் கூட்டம் நின்றது. நடுவில் பாலம் இல்லை. தூண் ஒன்று சாய்ந்து, தளம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்தில் குப்பத்து ஜனங்கள் எறும்புபோல் நின்றார்கள். ஏதோ கத்துவது மாதிரி இருந்தது, அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பாலம் இருந்த இடத்தை நேரே பார்த்தார். "அவ்வளவுதான்" என்றார். என்னிடம் சொன்னாரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா, தெரியாது.

இனி ஆற்றைத் தாண்ட மேற்கே இருக்கிற பெரிய பாலம் ஒன்றுதான். பஸ்ஸும் லாரியும் இரைந்துகொண்டு போகிற பாலம். அவர் அதில் சைக்கிள் விட முடியாது. ஒரு மாதம் இருவரும் பஸ்ஸில் போனோம். நான் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன், அவர் உதறுவார், கூட்டம் தள்ளும். ஒரு நாள் கண்டக்டர், "கண்ணு தெரியாதவரை இந்த நேரத்துல ஏம்மா கூட்டினு வர்றே?" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார். நான் கண்டக்டரைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். அன்று மாலை இவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்து, ராஜினாமாக் கடிதம் எழுதினார். மடித்துப் பைபிளுக்குள் வைத்தார். வெள்ளிக்கிழமை கொடுக்கப்போகிறேன் என்றார். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், அவர் முற்றத்தில் என் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பின் டயரை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து போதுமா?" என்றார்.

"எதுக்கு?"

எழுந்து கேரியரை ஆட்டிப் பார்த்தார். "இது என்னைத் தாங்குமா?"

பஸ்ஸுக்கு எடுத்த பையைக் கீழே வைத்தேன். "டபுள்ஸ் போனா போலீஸ் பிடிப்பான்" என்றேன்.

"பிடிக்கட்டும்."

"எனக்கு ரோட்டுல ஓட்டத் தெரியாதுங்க."

"எனக்குக் காது இருக்கு. நீ நேரா பாரு. பக்கத்துல என்ன வருதுன்னு நான் சொல்றேன்."

கேரியரில் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தார். டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டார். ராஜினாமாக் கடிதம் பைபிளுக்குள்ளேயே இருந்தது. நான் மிதித்தேன். சாந்தோம் ஹைரோட்டில் ஏறினபோது ஹேண்டில் பார் என் கையில் நிற்கவில்லை. பின்னால் ஒரு பஸ் உறுமியது.

"சோத்தாங்கை பக்கம் பஸ்" என்றார் பின்னாலிருந்து, குப்பத்துக் குரலிலேயே. "பயப்படாத. தூரத்துலதான் வருது. ஒதுங்கு... போதும். போயிடுச்சு."

பஸ் போயிற்று. நாங்கள் இருந்தோம்.

"பீச்சாங்கை பக்கம் ஒண்ணும் இல்ல. ஒரு லாரி, டீசல் சத்தம்... நிறுத்து. ஆங், இப்ப போ."

திருப்பத்தில் ஒரு கான்ஸ்டபிள் விசிலை வாயில் வைத்தார். புடவை கட்டின பெண் மிதிக்க, பேண்ட் சட்டையில் ஒரு வாத்தியார் பின்னால் உட்கார்ந்து வருவதைப் பார்த்து, ஊத மறந்து நின்றார். பெரிய பாலத்தின் ஏற்றத்தில் அவர் இறங்கி, கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். உச்சியில் மறுபடி ஏறிக்கொண்டார். அங்கிருந்து கிழக்கே, முகத்துவாரத்தில் உடைந்து நின்ற எங்கள் பாலம் சின்னதாகத் தெரிந்தது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

"ஸ்கூல் தெருமுனையில இறக்கி விடட்டுமா? பசங்க நிப்பாங்க" என்று கேட்டேன்.

"எதுக்கு? கேட்டுக்கே போ."

அதற்குப் பிறகு இறக்கத்தில் சைக்கிள் தானாக ஓடியது. என் கண்ணில் தண்ணீர் நிறைந்து ரோடு, பஸ், ஆள் எதுவும் தெரியவில்லை. துடைக்கக் கையை எடுக்கவும் பயம். அவர்தான் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.